பவி கண்ணைத் திறந்துவிட்டாள், அம்மா

கண்ணால் கேட்டு, கையால் கொஞ்சின என் அம்மாவுக்கு,

ஊரில் யாராவது இறந்துபோனால் வீட்டார் படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டுப் பேசுவார்கள். எதிர்வீட்டு சரோஜா அத்தை தினமும் காலையில் மாமா படத்தோடு சண்டை போடுகிறாள். நான் உன் படத்துக்கு முன்னால் பேசினால் உனக்குக் கேட்காது. கையால் பேசலாம் என்று ஒருநாள் நின்று பார்த்தேன். படத்தில் நீ கொஞ்சம் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். எந்தப் பக்கம் நின்றாலும் உன் கண் என் மேல் விழவில்லை. நீதான் எழுத்துக்கூட்டிப் படிப்பாயே, அதனால் எழுதுகிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "அம்மாவுக்கு எழுது, காது கேக்காத பிள்ளைங்கள வச்சிருக்கற மத்த வீட்டுக்காரங்களும் படிக்கட்டும்" என்று ராணி சித்திதான் விடாமல் கையைப் பிடித்து இழுத்தாள். காதுகேளாதோர் பள்ளி ஹாஸ்டலில் உன்னோடு படித்த தோழி எப்படிப் பிடிவாதம் பிடிப்பாள் என்று உனக்குத் தெரியும். என்னையும் தெரியும். பஸ்ஸில் நம் நிறுத்தம் வந்தால்கூட "நிறுத்துங்க" என்று சொல்லக் குரல் வராமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வருகிறவள் நான். எழுதுவதில் ஒரு நன்மை, யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ பதறாமல் படிக்க வேண்டும். தங்கச்சி பவியை எங்கும் அனுப்பவில்லை. அவள் இங்கேதான், நம் வீட்டில்தான், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். இப்போது வாசலில் உட்கார்ந்து சரோஜா அத்தையின் ஆட்டுக்குட்டிக்குக் கையால் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆடு கவனமாகத்தான் பார்க்கிறது.

மழை விட்டு உப்புப் பாத்தியில் வேலை தொடங்கிவிட்டது. அப்பா விடியும் முன்னால் கிளம்புகிறார். மரக்காணம் உப்பளத்தில் இந்த முறை காற்று நன்றாக அடிக்கிறது, உப்பு சீக்கிரம் பூக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உன்னோடு கூடை சுமந்த பெண்கள் இன்னும் உன் சைகையில்தான் பேசிக்கொள்கிறார்கள், அம்மா. அந்தக் காற்றில் எவ்வளவு கத்தினாலும் நாலு பாத்தி தள்ளி நிற்பவளுக்குக் கேட்காது. மேஸ்திரி வருகிறார் என்பதற்கு நீ மீசையை முறுக்கிக் காட்டுவாயே, அதைத்தான் இன்றைக்கும் காட்டுகிறார்கள். இப்போதைய மேஸ்திரிக்கு மீசையே இல்லை. அவருக்கு அது புரியவும் இல்லை.

நீ போன பிறகு நான் ஒன்பதாவதோடு நின்றது உனக்குத் தெரியாது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் சைகைதான் வரும்: சாப்பிடு, தூங்கு, வலிக்குதா, அவ்வளவுதான். பவிக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே வலிக்கிறது என்று கேட்க நான் வேண்டும். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்க நான் வேண்டும். அவள் தினமும் வகுப்பில் பொம்மை மாதிரி உட்கார்ந்துவிட்டு வந்தாள். கரும்பலகையில் இருப்பதை எழுத்து எழுத்தாக, அழகாக, ஒன்றும் புரியாமல் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். மாலையில் நான் அதைக் கையால் சொல்லித் தருவேன். எனக்கே தெரியாத பாடம் வந்தால் இரண்டு பேரும் புத்தகத்தின் படத்தைப் பார்ப்போம்.

போன வருஷம் கோடை விடுமுறை முடிந்து திறந்தபோது பள்ளிக்கூடத்தில் ஒரு புதுமை நடந்தது. சைகை மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவரைப் போட்டார்கள். எஸ்தர் மிஸ். கடலூர்ப் பக்கம். காது கேட்கும், வாய் பேசும், ஆனால் சைகை மொழியை முறையாகப் படித்துப் பரீட்சை எழுதியவர். கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று, சார் பேசுவதையெல்லாம் கையால் பவிக்குச் சொல்ல வேண்டும். பவி சொல்வதை வாயால் சாருக்குச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். உனக்காக நான் ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலை.

முதல் நாள் பவி ஓடி வந்து, "புது மிஸ்ஸுக்குக் கை இருக்கு" என்றாள். எல்லாருக்கும்தான் கை இருக்கிறது. ஆனால் அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. அன்றைக்கு நான் அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மிஸ்ஸின் சைகை புத்தகம் மாதிரி இருக்கும். நம்முடையது வேறு. உன் ஹாஸ்டல் பெண்கள் ரகசியமாகப் பேசிக்கொண்ட சைகையும் உப்பளத்துச் சைகையும் கலந்தது. அதனால் முதலில் சின்னச் சின்னத் தடுமாற்றம் இருந்தது. பவி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிஸ்ஸுக்கு உப்பு என்பதை நம்மைப்போல், பலகையால் வாருகிற மாதிரி காட்டக் கற்றுக்கொடுத்தாள். நாலைந்து மாதம் நன்றாகப் போனது. வகுத்தல் கணக்கு போட்டாள். கிரகணம் எப்படி வருகிறது என்று எலுமிச்சம்பழத்தை வைத்து அப்பாவுக்கு விளக்கினாள்.

தீபாவளி கழித்து ஒருநாள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

உனக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காது கேட்கிறவர்கள் சண்டையில் கதவை அடைத்துக்கொண்டு போவார்கள். காது கேட்காதவர்கள் கண்ணை மூடிக்கொண்டால் போதும். எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் உள்ளே போகாது. நீ அப்பாவோடு கோபித்தால் அதைத்தான் செய்வாய். அப்பா உன் முன்னால் நின்று தனக்குத் தெரிந்த நாலு சைகையையும் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருப்பார். நீ இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு வெங்காயம் உரிப்பாய்.

பவி வகுப்பில் மிஸ்ஸைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாளும். அதற்கு அடுத்த நாளும். மிஸ் தோளைத் தொட்டால் தலையைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் சாதாரணமாக இருந்தாள். கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று கையை உதறினாள்.

கார்த்திகை மழையில் பாத்தியெல்லாம் குளமாகி அப்பா வேலையில்லாமல் வீட்டில் இருந்த சமயம். ஹெச்.எம். சார் கூப்பிட்டு அனுப்பினார். நானும் அப்பாவோடு போய்த் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"தபாருங்க, நான் கோவமா சொல்லல" என்றார் சார். "அந்த மிஸ் ரெண்டு மூணு ஸ்கூலுக்குச் சேத்துப் போட்ட ஆளு. இங்க உங்க பொண்ணு ஒருத்திக்காகத்தான் வர்றாங்க. அவ பாக்கவே மாட்டேன்னு கண்ண மூடிக்கினா, அவங்கள இன்னா பண்றது? வேற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்க. பொங்கல் லீவுக்குள்ள சரியாவலன்னா நீங்க ஹாஸ்டல் ஸ்கூல்ல சேத்துடுங்க. அங்க அவள மாதிரி பிள்ளைங்களே இருக்கும்."

அப்பா "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார். வரும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "சார் சொல்றதும் தப்பு கெடையாது, மோகனா. ரெண்டு மூணு பேரு ஒண்ணா இருந்தா அவளுக்கும் பேச ஆள் இருக்கும். உங்கம்மாவுக்கு ராணி கெடச்ச மாதிரி" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அப்பா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீ ஹாஸ்டலைப் பற்றி இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறாய். கையால் பேசினால் ஸ்கேலால் அடிப்பார்கள், வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்பார்கள் என்று காட்டுவாய். உடனே முகம் மாறி, குளிக்கிற வரிசையில் நின்று ராணி சித்தியோடு பேசிப் பேசிச் சிரித்ததைக் காட்டுவாய். இப்போது அடிப்பதெல்லாம் இல்லை என்று சித்தி சொல்கிறாள். ஆனால் பவி அங்கே போக ஆசைப்படவில்லையே, அம்மா. இங்கே கண்ணை மூடிக்கொண்டாள் என்பதற்காக அனுப்பப்பட இருந்தாள். அவளுக்கு அது தண்டனை மாதிரிதானே தெரியும்? நீயும் போய், நாங்களும் அனுப்பிவிட்டால், அவள் யாரை நம்புவாள்?

அன்று மாலை அவளை மொட்டை மாடிப் படியில் உட்காரவைத்து, ஹெச்.எம். சார் சொன்னதை முழுசாகச் சொன்னேன். ஹாஸ்டல் என்ற சைகையைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு கொட்டினாள்.

வகுப்பில் கார்த்தி என்று ஒரு பையன். அவன் பவியைப் பார்த்து ஏதோ சொல்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். வகுப்பு சாரும் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார். பவி மிஸ்ஸைப் பார்த்து, "என்ன சொன்னான்?" என்று கேட்கிறாள். மிஸ் சிரித்த முகத்தோடு, "ஒண்ணுமில்ல, பாடத்தப் பாரு" என்கிறார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள், "அப்புறம் சொல்றேன்" என்கிறார். அப்புறம் வரவே இல்லை.

"மிஸ் பொய் சொல்றாங்க. பொய் சொல்ற கைய நான் ஏன் பாக்கணும்?" என்று கேட்டாள் பவி.

உன்னிடம்தான் இதை அவள் படித்திருக்க வேண்டும். உலகத்திலேயே உனக்குப் பிடிக்காத இரண்டு சைகை அவைதானே. கல்யாண வீட்டில் எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். நீ பக்கத்தில் இருப்பவளைத் தட்டி என்னவென்று கேட்பாய். அவள் கையை ஆட்டி, ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன் என்பாள். நீ அத்தோடு எழுந்து பந்திக்குப் போய்விடுவாய். எனக்கு எட்டு வயது இருக்கும்போதே என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அவங்க வாய் எவ்ளோ நேரம் அசைஞ்சதோ, உன் கை அவ்ளோ நேரம் அசையணும். நல்லதோ கெட்டதோ எல்லாம் வேணும். பொறுக்கி எடுக்கற வேல என்னோடது" என்று சொன்னவள் நீ.

அடுத்த வாரம் எஸ்தர் மிஸ்ஸே வீட்டுக்கு வந்தார். குடையும் செருப்பும் சேறுமாக வாசலில் நின்றார். பவி அவரைப் பார்த்ததும் பின்பக்கமாக ஓடிவிட்டாள்.

"நான் இன்னாமா தப்பு பண்ணேன்? உனக்குத் தெரிஞ்சா சொல்லு. எனக்கு ராவெல்லாம் இதே நெனப்பா இருக்குது" என்றார்.

எனக்குத் தெரியும். ஆனால் குரல் வர வேண்டுமே. டீச்சரிடம் போய் நீங்கள் செய்தது தப்பு என்று நான் எப்படிச் சொல்வது? டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். அதைக் குடித்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என்னை அறியாமல் கை எழுந்துவிட்டது. கையால் பேசும்போது எனக்குக் கூச்சமே கிடையாது, அம்மா. அது உன் பேச்சு, அதனாலோ என்னவோ. கார்த்தி, சிரிப்பு, ஒண்ணுமில்ல, அப்புறம், கண், எல்லாவற்றையும் சொன்னேன்.

மிஸ் இரண்டு முறை நிறுத்தி, "மறுபடி, மெதுவா" என்று கையால் கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை. முகம் சுருங்கிப்போயிற்று.

"அந்தப் பையன் சொன்னது உனக்குத் தெரியுமா? காதுல உப்பு அடைச்சிக்கிச்சி, அதான் செவுடு, அவங்கம்மா வயித்துல இருக்கறப்பவே உப்புல ஊறிட்டாங்கறான். இத அந்தக் குழந்தைக்கு நான் என் கையால எப்பிடிமா சொல்லுவேன்? எல்லாத்தையும் சொல்லணும்னுதான் எங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க. அங்க நின்னப்ப மனசு வரல."

அவர் நல்லவர் என்று எனக்கு அந்த நிமிடம் புரிந்தது. நல்லவராக இருந்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்பதும். அதற்கு மேல் சொல்ல எனக்கு வயதும் இல்லை, தைரியமும் இல்லை. "ஞாயித்துக்கெழம கிளியனூர் வர்றீங்களா மிஸ்?" என்று மட்டும் கேட்டேன்.

கிளியனூரில் அந்தோணி மாமாவின் தையல் கடை இப்போதும் ஞாயிறு மத்தியானம் காது கேட்காத நம் ஆட்களுக்குத்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வட்டமாக உட்கார்கிறார்கள். வட்டமாக உட்கார்ந்தால்தானே எல்லார் கையும் எல்லாருக்கும் தெரியும். ராணி சித்தி பொம்மையார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். நீ உட்காரும் ஸ்டூலில் இப்போது இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. வேறு யாரும் உட்காரவில்லை என்று சித்தி எனக்குத் தனியாகச் சொன்னாள்.

மிஸ் வந்தார். வணக்கம் சொன்னார், பெயர் சொன்னார். மரியாதையாக பிஸ்கட் கொடுத்தார்கள். பிறகு அந்தோணி மாமா ஒரு கதையை எடுத்தார். நீ பார்த்திருப்பாயே, மாமா வேகமெடுத்தால் கத்தரிக்கோல் மாதிரி கை பறக்கும். எல்லாரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். மிஸ்ஸுக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

மாமா சிரித்த முகத்தோடு கையை ஆட்டினார். "ஒண்ணுமில்ல."

மறுபடி சிரிப்பு. மிஸ் ராணி சித்தியின் தோளைத் தட்டினார். சித்தி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, "அப்புறம் சொல்றேன்" என்றாள்.

நான் சொல்லிவிடலாம் என்று கையைத் தூக்கினேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மாமா கதையை இன்னும் நீட்டினார். அத்தனை பேர் சிரிக்கும் இடத்தில் மிஸ் மட்டும், எதற்கென்று தெரியாமல், கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். பிறகு அதுவும் நின்றது. கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தார்.

அப்போதுதான் சித்தி அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு சைகையாக, கதை முழுவதையும் சொன்னாள். ஹெல்மெட் போடாமல் போன அந்தோணி மாமாவை ஒரு போலீஸ்காரர் நிறுத்தியிருக்கிறார். திட்டித் திட்டிப் பார்த்தார். கேட்கவில்லை. எழுதிக் காட்டினார். மாமா படிக்கத் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். கடைசியில் போலீஸ்காரர் தன் தொப்பியைக் கழற்றி மாமா தலையில் வைத்து, இப்படிப் போடணும், இப்படி, என்று காட்டினார். மாமா பெரிய கும்பிடு போட்டுவிட்டுத் தொப்பியோடு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. "பவிக்கு நான் இதத்தான் செஞ்சனா?" என்று கையால் கேட்டார்.

"நீ மட்டுமா? எங்க வீட்ல எங்க அண்ணன் தம்பியே இன்னிக்கும் செய்யறாங்க" என்றார் மாமா.

"ஆனா அந்தப் பசங்க சொன்னது அசிங்கம். அவ குழந்தை" என்றார் மிஸ்.

சித்தி உடனே கேட்டாள்: "அவளுக்குக் காது கேட்டிருந்தா, நீ போய்க் காதப் பொத்துவியா?"

"எல்லாத்தையும் சொல்லு. சொல்லிட்டு அங்கியே நில்லு. அவ என்ன திருப்பிச் சொல்றாளோ, அதையும் ஒண்ணு விடாம அவங்களுக்குச் சொல்லு. அவ சண்டைய அவ போடட்டும்" என்றாள் சித்தி.

மாமா அதற்குள் போனை எடுத்து மிஸ் கையில் திணித்தார். பாண்டிச்சேரி பட்டன் கடைக்காரர் சரக்கு அனுப்பாமல் இழுத்தடிக்கிறார், போன் போட்டுக் கொடு, நான் பேசுகிறேன் என்றார். மாமா கையால் பேச, மிஸ் அதை வாயால் சொன்னார். "நீ மனுசனா, ஏமாத்துக்காரனா? என் கடையில துணி தொங்குது, பட்டன் எங்கடா?" அந்த மெல்லிய குரலில், முகமெல்லாம் சிவந்து, ஒரு சொல்லும் விடாமல். முடிந்ததும் போனைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, நான் யாரையும் டான்னு கூப்பிட்டதே கெடையாதுமா" என்றார் என்னிடம். பட்டன் மறுநாளே வந்துவிட்டதாம்.

அன்று கிளம்பும்போது மிஸ் ஒன்று செய்தார். மாமாவின் கடையிலிருந்தே பவிக்கு வீடியோ கால் போடச் சொன்னார். வீட்டில் அப்பா போனைத் தூக்கிப் பிடிக்க, பவி அரைக்கண்ணால் பார்த்தாள். மிஸ் கார்த்தி சொன்னது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். "அப்புறம்னு சொன்னேன் இல்ல, இதான் அந்த அப்புறம்" என்றார். பவி போனை அணைத்துவிட்டாள். மிஸ் என்னைப் பார்த்தார்.

மறுநாள் என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. வீட்டில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு, இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பவி பையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள். யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. முழுசாகச் சொன்னாள், கார்த்தியாகவும் சாராகவும் மிஸ்ஸாகவும் மாறி மாறி நின்று நடித்தே காட்டினாள்.

கணக்குப் பாடம். கார்த்தி வழக்கம்போல ஆரம்பித்திருக்கிறான். மிஸ் ஒன்று விடாமல் கையால் சொல்லியிருக்கிறார்: காதுல உப்பு அடைச்சிக்கிச்சி. பவி எழுந்து நின்று கேட்டிருக்கிறாள். மிஸ் அதை வாயால் சொல்லியிருக்கிறார்.

"எந்தக் காதுல?"

கார்த்தி திகைத்துப்போய், "ரெண்டுலயும்" என்றானாம்.

"என் காதுல உப்பு இருக்குது. உன் மண்டையில ஒண்ணுமே இல்ல. தட்டுனா டங்குனு சத்தம் வரும். எனக்குக் கேக்காது, நீயே தட்டிப் பாத்துக்க."

வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது. இந்த முறை எதற்கென்று பவிக்குத் தெரியும்.

சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா மிஸ் இது? நீங்களே பிள்ளைங்களோட சரிக்குச் சரியா நின்னு சண்ட போடறீங்க?"

"நான் பேசலைங்க சார். பவி பேசறா."

சார் மிஸ்ஸைப் பார்த்தார். பவியைப் பார்த்தார். ஆறு மாதமாக அவர் எது சொன்னாலும் மிஸ்ஸிடம்தான், "அவள எழுதச் சொல்லுங்க", "அவளுக்குப் புரிஞ்சுதா கேளுங்க" என்று சொல்வாராம். அன்றைக்குத்தான் முதல்முறையாக நேராகப் பவியின் முகத்தைப் பார்த்து, "பவித்ரா, ஏறு பெஞ்சு மேல. கார்த்தி, நீயும் ஏறு" என்று கத்தியிருக்கிறார்.

"என்னத் திட்டினாரு அக்கா. என்னப் பாத்தே திட்டினாரு" என்றாள். பெஞ்சு மேல் நின்றதை நம் அம்மி மேல் ஏறி நின்று காட்டினாள். நின்ற இடத்திலிருந்து ஜன்னல் வழியாகப் பாத்தியெல்லாம் தெரிந்ததாம். மணி அடிக்கிறவரை மிஸ்ஸையும் பார்த்துக்கொண்டு, கணக்கையும் போட்டாளாம். கீழே இறங்கும்போது கார்த்தி அவளிடம் வந்து, மண்டையில் தட்டிக்கொண்டு, டங் என்று வாயால் சொல்லிக் காட்டியிருக்கிறான். இப்போது இரண்டு பேரும் அதை ஒரு வணக்கம் மாதிரி செய்துகொள்கிறார்கள்.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு, பிறகு என்று நான்தான் கேட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒன்றை அவளே வந்து எனக்குச் சொல்கிறாள். எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அப்படி ஒரு நாள் வரும் என்று நீ நினைத்திருக்கிறாயா?

பொங்கல் லீவுக்கு முன்னால் ஹெச்.எம். சார் மறுபடி கூப்பிட்டார். அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு போனார். நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். பயம். திரும்பி வந்து சைக்கிளை ஸ்டாண்ட் போடாமலே சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"சார் இன்னா சொன்னாருப்பா?"

"ஹாஸ்டல் பேச்சே எடுக்கல. மிஸ் இங்கதான் வருவாங்களாம். ஆனா உன் தங்கச்சி மேல கம்ப்ளெயிண்ட்டு."

"இன்னா கம்ப்ளெயிண்ட்டு?"

"கிளாஸ்ல ஓயாம பேசறாளாம். 'உங்க பொண்ணுக்கு வாய் ரொம்ப நீளம், வீட்ல சொல்லி வைங்க'ன்னாரு." அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "வாய் இல்லாத பொண்ணு, வாய் இல்லாத பொண்ணுன்னு சொல்லுவானுங்க. வாய் நீளமாம். கேட்டியா மோகனா? நீளமாம்." அதைச் சரோஜா அத்தையிடம் ஒரு முறை, மேஸ்திரியிடம் ஒரு முறை, உன் படத்துக்கு முன்னால் நின்று ஒரு முறை சொன்னார். உனக்குக் கேட்காது என்பதை அவர் மறந்துவிட்டார். நானும் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான், அம்மா, நான் நன்றாகத் தூங்கினேன். எத்தனையோ நாளாக ஒரு கண் பவி மேலேயே இருந்தது. இப்போது பகலில்கூடச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். எஸ்தர் மிஸ், "நீ பத்தாவது தனியா எழுதிட்டு இந்தச் சைகைப் படிப்பு படியேன்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கிளியனூருக்கு அவர் தவறாமல் வருகிறார். நம் ஆட்களின் சைகையைக் கற்றுக்கொள்கிறார், அவர்களுக்குப் போன் போட்டுத் தருகிறார், என்னையும் இழுக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இவ்வளவு நாள் மற்றவர்களுக்காகப் பேசிவிட்டேன். கொஞ்ச நாள் எனக்கு என்ன பேச வேண்டும் என்று தேடிப் பார்க்கிறேனே. நீ கோபிக்க மாட்டாய்தானே?

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம். அங்கே மிஸ் வருவாரா என்பது யாருக்கும் தெரியவில்லை. ராணி சித்தி, "வரலன்னா நாங்க எல்லாரும் போய் ஆபீஸ் வாசல்ல வட்டமா உக்காருவோம்" என்கிறாள். அவள் செய்வாள்.

ஒரே ஒரு வாக்கு தருகிறேன், அம்மா. பவி வளர்ந்து, தன்னைப்போல் கையால் பேசுகிற பெண்களோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்று அவளாகக் கேட்டால், எவ்வளவு தூரமானாலும் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவேன். அழ மாட்டேன் என்று மட்டும் வாக்குத் தர முடியாது. ஆனால் இங்கே அவளோடு பேச ஆளில்லை என்பதற்காக அவளை நம் வீட்டிலிருந்து யாரும் அனுப்ப விடமாட்டேன். அதற்காக எந்த ஆபீஸில், யார் முன்னால் நிற்க வேண்டியிருந்தாலும் நிற்பேன். கையால் சொல்லிப் பார்ப்பேன். புரியவில்லை என்றால் வாயைத் திறந்து, சத்தமாகவே சொல்வேன்.

உன் மூத்த பொண்ணு,
பவியின் அக்கா,
மோகனா